குள்ளம்மாள் துவைத்த காக்கி

"அங்கியே நில்லு."

மாதேஷ் நிற்கிறான். முப்பத்து மூன்று வயது, ஒரு பெண்குழந்தைக்குத் தகப்பன், தொப்பூர் கணவாய் இறங்கி முடிகிற இடத்தில் லாரி பிரேக் பட்டறை நடத்துகிறவன். தன் சொந்த வீட்டுக்கு வெளியே, வேலிப்படலுக்கு அந்தப்பக்கம், பைக்கை ஸ்டாண்டு போட்டுவிட்டுக் கைகளைத் தொங்கவிட்டு நிற்கிறான். படலுக்கு இந்தப்பக்கம் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் அவன் தாய் குள்ளம்மாள். பேத்தி பூவிழியின் மணிக்கட்டு அவளது பிடிக்குள் இருக்கிறது. நாலு வயது, துள்ளுகிற வயது. அப்பன் வந்ததும் ஓடிப்போய்த் தோளில் ஏறவேண்டும் அதற்கு.

"சட்டை."

கழற்றுகிறான்.

"பக்கெட்டுல போடு. அமுக்கு. மேல முட்டிக்கிட்டு நிக்குது பாரு, முழுசா அமுக்கு."

அமுக்குகிறான். காக்கிக் கால்சட்டையும் லுங்கி மறைவில் கழன்று தண்ணீருக்குள் போகிறது. பிறகு வெளியிலேயே இருக்கிற குளியலறைக்கு நடக்கிறான். உள்ளே தண்ணீர் விழும் ஓசை கேட்கிற வரைக்கும் குள்ளம்மாள் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பாள். "தலைக்கு ஊத்துனியா? காது மடிப்பு?" என்று இங்கிருந்தே கேட்பாள். உள்ளேயிருந்து ஒரு "ம்" வரும். துவட்டிக்கொண்டு வெளியே வருகிறவனை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்த பிறகுதான் பேத்தியின் கையை விடுவாள்.

எதிர்வீட்டு ரோசம்மாளுக்கு இது தினசரி வேடிக்கை. "ஆபரேசன் பண்ற டாக்டருகூட இம்மாங் கழுவ மாட்டாரு" என்பாள். குள்ளம்மாள் அதற்குப் பதில் சொல்வதில்லை. பேசினால் மூச்சு செலவாகும். செலவழிக்கிற இடத்தில்தான் செலவழிப்பாள்.

பெயர்தான் குள்ளம்மாள், ஆள் நல்ல உயரம். நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து நுழைகிற ஒரே பெண் அந்தத் தெருவில் அவள்தான். கேட்டால், "சாமி பேரு. சாமிதான் குள்ளம், நான் இல்ல" என்பாள். வயது ஐம்பத்தெட்டு. பிறந்தது ஏரியூர்ப் பக்கம். வாக்கப்பட்டு வந்தது தொப்பூர்ப் பக்கம், தாய்மாமன் மகன் முனிராஜுக்கு. இந்த இரண்டு ஊரையும் சேலத்தையும் விட்டால் அவள் அதிகம் பார்த்தது காரிமங்கலம் சந்தை. அதைப்பற்றி அவளுக்குக் குறையொன்றும் இல்லை.

அவள் தொழில் புளி. காரிமங்கலத்து வியாபாரி ஒருவர் மூட்டை மூட்டையாகக் கொட்டைப்புளியைக் கொண்டுவந்து தெருவில் இறக்கிவிட்டுப் போவார். பெண்கள் பங்கு பிரித்துக்கொண்டு வீட்டு நிழலில் உட்கார்ந்து, ஓட்டை உடைத்து, நாரை உரித்து, ஒரு சின்ன இரும்புக் கம்பியால் தட்டிக் கொட்டையை எடுத்துக் கொடுப்பார்கள். குள்ளம்மாளின் தட்டு மற்றவர்களுடையதைப் போல இருக்காது. ஒரே தட்டு, கொட்டை வெளியே வந்து விழும், சுளை நசுங்காது. அரைகுறையாகத் தட்டுகிறவர்களைப் பார்த்தால், "கொட்டைய எடுக்கச் சொன்னா கொலை பண்றா" என்பாள். கம்பி பிடித்த கட்டைவிரலில் கறுத்த காய்ப்பு ஒன்று உண்டு. ஊசி போட வந்த நர்ஸ் அதைப் பார்த்து ஏதோ நோய் என்று பயந்துவிட்டாளாம்.

மூக்கு அவளுக்கு வெகு கூர்மை. மலைப்பக்கமிருந்து காற்று அடித்தால் வேலையை நிறுத்திவிட்டு முகத்தை உயர்த்துவாள். "எவனோ கியர்ல எறங்காம பிரேக்க மிதிச்சிக்கிட்டே வரான். கருகுது." கொஞ்ச நேரத்தில் நெடுஞ்சாலையில் சக்கரத்திலிருந்து புகை வழிய ஒரு லாரி வந்து ஒதுங்கியிருக்கும். முப்பத்தெட்டு வருடம் பிரேக் லைனிங்காரனின் மனைவியாக இருந்தவளுக்கு அந்த வாசனை பருப்பு தீய்கிற வாசனையைப் போலப் பழக்கம்.

முனிராஜ் பட்டறை போட்டது கல்யாணத்துக்கு முந்தைய வருடம். பெங்களூர்ப் பக்கமிருந்து சேலத்துக்கு இறங்குகிற கனரக வண்டிகளுக்குத் தொப்பூர் மலை ஒரு பரீட்சை. தேய்ந்துபோன லைனிங்கோடு வருகிறவன் பாதியில் பிரேக் பிடிக்காமல் போய்ச் சேருவான். ஆகவே மலை இறங்கி வருகிறவனுக்கும் ஏறப்போகிறவனுக்கும் முனிராஜ் வேண்டியிருந்தது. சக்கரத்தைக் கழற்றி, பிரேக் டிரம்மைப் பிரித்து, உள்ளே பொடிந்து கிடக்கும் சாம்பல்நிறத் தூசியை ஏர் பைப்பால் பூஸ்ஸென்று ஊதுவார். ஆளே மறைகிற அளவுக்கு ஒரு மேகம் எழும்பும். பழைய லைனிங் பட்டையை உளியால் பெயர்த்து, புது லைனிங்கை வைத்து ரிவிட் ஆணி அடித்து, ஓரத்தை அரத்தால் ராவுவார். அதிலும் பறக்கும். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது புருவமும் மீசையும் மாவு மில்லிலிருந்து வந்தவனைப் போல இருக்கும்.

அந்தக் காக்கியைக் குள்ளம்மாள்தான் துவைத்தாள். வாரத்துக்கு ஆறு நாள். அதற்கென்று ஒரு முறை வைத்திருந்தாள். முதலில் சட்டையின் இரண்டு தோளையும் பிடித்துக் காற்றுக்கு எதிராகப் பட் பட்டென்று உதறவேண்டும். தூசி முழுக்கப் பறந்த பிறகே நனைக்கவேண்டும். கைக்குழந்தையாக மாதேஷ் இடுப்பில் இருந்த நாட்களில் அவனை இறக்கி ஓரமாக உட்காரவைத்துவிட்டு உதறுவாள். பிள்ளை கண்ணில் தூசி விழும் என்று அவ்வளவு ஜாக்கிரதை.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு தை மாதம் புளி மூட்டையைத் தூக்கப் போனவளுக்கு வலப்பக்க விலாவில் ஏதோ பிடித்தது. வாயு என்று பூண்டு தட்டிப் போட்டாள். பிடிப்பு போகவில்லை. மாசி முடிவதற்குள் தண்ணீர்க்குடத்தோடு நாலு எட்டு வைத்தால் நிற்கவேண்டியிருந்தது. படம் எடுத்துப் பார்த்தபோது நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தது. ஊசியால் உறிஞ்சி எடுத்தார்கள். நெஞ்சில் நீர் என்றால் இங்கே முதலில் டிபியைத்தான் நினைப்பார்கள். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆறு மாதம் மாத்திரை. ஒருவேளைகூடத் தவறவிடவில்லை குள்ளம்மாள். மாத்திரையால் மூத்திரம் செம்பருத்தி நிறத்தில் போனபோதும் விடவில்லை. ஆறாவது மாதம் முடிந்து எட்டாவது நாள் நீர் மறுபடி சேர்ந்துவிட்டது.

அதன் பிறகுதான் சேலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அங்கே தேவிப்பிரியா என்ற டாக்டர், மாதேஷைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள், விலா இடுக்கில் குழாய் விட்டுச் சதையைக் கிள்ளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினாள். இரண்டு வாரம் கழித்து முடிவு வந்தது. குள்ளம்மாளையும் முனிராஜையும் மருமகள் யுவராணியையும் உட்காரவைத்து, காகிதத்தை மேஜையில் குப்புறக் கவிழ்த்து வைத்துக்கொண்டு டாக்டர் கேட்டாள்.

"என்ன வேலைம்மா பாக்கறீங்க?"

"புளி தட்றதுங்க."

"பஞ்சு மில்லு, சிமென்ட் சீட்டு கம்பெனி, அந்தமாதிரி எங்கயாவது போயிருக்கீங்களா? சின்ன வயசுல?"

"இல்லீங்க."

"கல் குவாரி?"

"எங்க நாத்தனா போச்சுங்க. நான் போவல."

டாக்டர் முனிராஜின் பக்கம் திரும்பினாள். "நீங்க?"

"லாரிக்கு பிரேக் லைனிங் கட்றதுங்க. முப்பத்தொம்போது வருசம்."

டாக்டரின் பேனா நின்றது. "வேலைத் துணிய எங்க மாத்துவீங்க?"

"வூட்டுக்கு வந்துதானுங்க."

"துவைக்கிறது?"

முனிராஜ் வாயைத் திறப்பதற்குள் குள்ளம்மாள் முந்திக்கொண்டாள். தன் கைத்திறனைப் பற்றி ஒருவர் கேட்டதாகத்தான் அவளுக்குத் தோன்றியது. "நான்தானுங்க. மொதல்ல நல்லா உதறிப்புட்டுத்தான் நனைப்பன். உதறாம நனைச்சா சேறாட்டம் ஆயிருமுங்க. எங்க தெருவுல எம்மாட்டம் காக்கி வெளுக்கறவ கெடையாது."

டாக்டர் கவிழ்த்து வைத்த காகிதத்தைத் திருப்பினாள். யுவராணி பன்னிரண்டாவது படித்தவள்; எழுத்துக்கூட்டி வாசித்தாள். மீசோதீலியோமா.

"மீசையா?" என்றாள் குள்ளம்மாள்.

யாரும் சிரிக்கவில்லை. டாக்டர் சொன்னது இது: பழைய லைனிங்கில் கல்நார் கலந்திருக்கும், ஆஸ்பெஸ்டாஸ். சூட்டைத் தாங்கும் என்பதற்காக. அதன் இழை கண்ணுக்குத் தெரியாது. மூச்சோடு உள்ளே போனால் சில இழை வெளியே வராது, கரையவும் கரையாது. முப்பது வருடம், நாற்பது வருடம் சும்மா கிடந்துவிட்டுப் புற்றாகும். பட்டறைக்கே போகாதவர்களுக்கும் துணி வழியாக வந்திருக்கிறது, உலகம் முழுக்க. இன்ன தூசியால்தான் வந்தது என்று கோடு போட்டுக் காட்ட முடியாது. ஆனால் வேறு எதுவும் தெரியவில்லை.

முனிராஜ் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் பஸ்ஸில் யுவராணி முன் சீட்டில் ஜன்னலுக்குத் திரும்பி அழுதுகொண்டு வந்தாள். பின்னால் இவர்கள் இருவரும். ஓமலூர் தாண்டிய பிறகு முனிராஜ் வாயைத் திறந்தார்.

"தூசித் துணிய உங்கிட்ட கொண்டாந்து குடுத்தன் பாரு."

"பின்ன, ரோசம்மாகிட்டயா குடுப்பீங்க?"

அவர் சிரிக்கவில்லை. அவளுக்கே சிரிப்பு வந்து, அது இருமலாகி, இறங்குகிற வரை ஓயவில்லை.

அன்றோடு முனிராஜ் பட்டறைக்குப் போவதை நிறுத்திவிட்டார். ஏற்கெனவே பாதி வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த மாதேஷ் முழுசையும் பார்க்க ஆரம்பித்தான். முனிராஜ் ஆட்டுக்கொட்டாய் ஓரமாகக் கயிற்றுக்கட்டிலைப் போட்டுக்கொண்டார். ஆடுகளுக்குத் தழை ஒடிப்பது, தண்ணீர் காட்டுவது, பிறகு குள்ளம்மாளின் புடவைகளைத் துவைப்பது. கேட்காமலே எடுத்துக்கொண்டு போய்விடுவார். சோப்பு சரியாகப் போகாமல் புடவை வெயிலில் பலகைபோல விறைத்துக் காயும். "இதக் கட்டுனா நடக்க முடியாது, கதவாட்டம் சாத்தி வெக்கலாம்" என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அவர் மறுபடி எடுத்துப்போய் மறுபடி அலசினார். அவள் முகத்தை நேராகப் பார்ப்பதை மட்டும் விட்டுவிட்டார். சோற்றுத்தட்டை வாங்கும்போதும் தட்டைத்தான் பார்ப்பார்.

நோய்க்கு அவள் 'மீசைக்காரன்' என்று பெயர் வைத்துவிட்டாள். "இன்னிக்கு மீசைக்காரன் கம்முனு இருக்கான்." "ராவெல்லாம் மீசைக்காரன் தூங்க உடல." மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி, ஊசி போட்ட நாலு நாளைக்குக் களி உருண்டையைக் கண்டால் குமட்டும். அதையெல்லாம் சமாளித்தாள். முனிராஜை அவளால் சமாளிக்க முடியவில்லை. "மீசைக்காரன் ஒரு பக்கம் ஏறி ஒக்காந்திருக்கான். இந்த மனுசன் இன்னொரு பக்கம் ஒக்காந்திருக்காரு. எனக்கு எது கனம்னே தெரியல" என்று ரோசம்மாளிடம் சொன்னாள்.

மூன்றாவது ஊசிக்குப் போனபோது முனிராஜை டீ வாங்கிவர அனுப்பிவிட்டு டாக்டரிடம் தனியாகப் பேசினாள்.

"தூசியில முங்கி எந்திரிச்சது அவரு. அவருக்கு இல்லாம எனக்கு எப்பிடிங்க?"

"எல்லாருக்கும் வராதும்மா. யாருக்கு வரும்னு முன்கூட்டி சொல்ல முடியாது. அவரையும் படம் எடுத்துப் பாத்தோம்ல? நுரையீரலைச் சுத்தி இருக்கற உறை அங்கங்க தடிச்சிருக்கு. புத்து இல்ல."

"உறைன்னா?"

டாக்டர் ஓ.பி. சீட்டின் பின்புறம் நுரையீரலை வரைந்து சுற்றிலும் ஒரு கோடு போட்டாள். குள்ளம்மாள் அதைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"புளியங்கொட்டை மேல செவப்பா ஒரு தோலு ஒட்டிக்கிட்டு இருக்குமே, அந்தமாதிரியா?"

"அதே மாதிரிதான். அந்தத் தோல்ல வந்திருக்கற கட்டி இது."

"அது ஊற வெச்சாக்கூட லேசுல வராது" என்று குள்ளம்மாள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு, "எனக்கு இது போயிருங்களா?"

"போகாதும்மா. வேகத்தைக் கொஞ்சம் கொறைக்கலாம்."

"கொஞ்சம்னா? வர்ற பங்குனிக்குப் புளி மூட்டை எறங்கும். பாப்பனா?"

"பாக்கணும்னுதான் இந்த ஊசி."

குள்ளம்மாள் தலையசைத்தாள். அதில் அழுகையோ அதிர்ச்சியோ இல்லை. வியாபாரி இத்தனாம் தேதிக்கு வருவேன் என்று சொன்னால் தலையசைப்பாளே, அதுபோல ஒன்று. ஆனால் எழுந்திருக்கவில்லை. உண்மையில் கேட்க வந்தது அடுத்த கேள்வியைத்தான்.

"எம்மவன் இப்ப அதே வேலைதான் பாக்கறான். பேத்தி அவன் வந்ததும் மேல ஏறி ஒக்காந்துக்குவா. சட்டைய மருமவ துவைக்கிறா."

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள். ஊதக்கூடாது, கூட்டக்கூடாது, ஈரத்தில்தான் துடைக்கணும். துணியை உதறவே கூடாது. வேலைத் துணி வீட்டுக்குள் வரக்கூடாது. பிள்ளையைத் தொடுவதற்கு முன்னால் குளிக்கணும். குள்ளம்மாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினாள். மறுநாள் சாயங்காலம் சிவப்பு நாற்காலி படலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

வீட்டில் சட்டம் நடந்தது. பட்டறையில் நடக்கவில்லை. "தண்ணி ஊத்தித்தான் தொடைக்கறன்மா" என்று மாதேஷ் சொல்வான். ஆடி மாதத்தில் ஒரு நாள் குளித்துவிட்டு வந்தவனைக் குனியச் சொல்லி, காதின் பின்மடிப்பில் விரலை விட்டுத் துடைத்துப் பார்த்தாள். தண்ணீர் படாத இடம் அது. விரல் நுனி சாம்பல் நிறமாக வந்தது.

"ஏர் அடிக்கற."

"இப்ப வர்றதெல்லாம் கல்நார் இல்லாத லைனிங்மா. பொட்டியிலயே போட்டிருக்கான்."

"கழட்டறது எது? நீ போட்டதா, எவனோ எப்பவோ போட்டதா?"

மாதேஷ் காதைத் துடைத்துக்கொண்டான். "ஈரத்துல தொடச்சா ஒரு வண்டிக்கு அரைமணி கூட ஆவுதும்மா. பக்கத்துக் கடையில ரெண்டே நிமிசத்துல ஊதி அனுப்பிடறான். வர்றவன் அங்க போயிடறான்" என்றான்.

மறுநாள் காலையில் யுவராணி பிள்ளையை அங்கன்வாடிக்குக் கூட்டிப்போன நேரம் பார்த்து, குள்ளம்மாள் தெருமுனையில் ஷேர் ஆட்டோவைக் கைகாட்டி ஏறிவிட்டாள்.

நெடுஞ்சாலையில் இறங்கிப் பட்டறைக்கு நடக்க ஐம்பது அடி. மூன்று இடத்தில் நின்றாள். உள்ளே தக்காளி லோடு ஏற்றிய ஒரு லாரி, பாலக்கோட்டிலிருந்து பாலக்காட்டுக்குப் போவது, பின்சக்கரம் கழன்று ஜாக்கியில் நின்றது. டிரைவர் ரஞ்சித்குமார் கடிகாரத்தைப் பார்த்தபடி உலாத்திக்கொண்டிருந்தான். மாதேஷ் அப்போதுதான் ஏர் பைப்பைக் கையில் எடுத்திருந்தான். தாயைப் பார்த்ததும் கை நின்றது.

குள்ளம்மாள் நேராகக் கம்ப்ரஸருக்குப் போனாள். சுவிட்சை அணைத்தாள். பைப்பின் இணைப்பைத் திருகிக் கழற்றினாள். அதெல்லாம் பார்த்துப் பழகிய கைதான். நீளமான பைப்பைச் சுருட்டிச் சுருட்டிக் கையில் ஏற்றிக்கொண்டு, ஜாக்கிக்குப் பின்னால் கிடந்த பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்து, சுருளை மடியில் வைத்துக்கொண்டாள். மூச்சு இரைத்தது. அது அடங்குகிற வரை இருவரும் காத்திருந்தார்கள்.

"ம்மா, குடும்மா. வண்டி நிக்குது."

"நிக்கட்டும். தண்ணி கொண்டா."

"அம்மா, தக்காளிங்கம்மா" என்றான் ரஞ்சித்குமார். "சாயங்காலத்துக்குள்ள போய்ச் சேரலன்னா கொழஞ்சிப் போயிரும்."

"கொழைஞ்சா ரசம் வெக்கலாம் தம்பி. உனக்குப் புள்ளைங்க இருக்குதா?"

"ரெண்டுங்க."

"இதுல ஊதற தூசி இங்கியே நின்னுக்கிட்டு இருக்கற உம்மேலயும்தான் ஒட்டும். அப்பிடியே போயி அதுங்களைத் தூக்குவ." கையால் விலாவைத் தொட்டுக் காட்டினாள். "எனக்கு அப்பிடித்தான் வந்துச்சு. நான் இந்தப் பட்டறையில ஒரு ரிவிட்டக்கூட அடிச்சவ இல்ல."

ரஞ்சித்குமார் தன் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டான். தட்டிவிடப் போன கையைப் பாதியில் நிறுத்தினான். மாதேஷ், "அரைமணி நேரம்மா" என்று இன்னொருமுறை சொன்னான். இந்தத் தடவை குரல் இறங்கியிருந்தது. ஆனாலும் தண்ணீர் எடுக்க நகரவில்லை. அவனுக்கும் கோபம் இருந்தது. டிரைவர் முன்னால் சின்னப்பிள்ளைபோல நிற்கவைத்துவிட்டாளே என்று.

இந்த நேரத்தில்தான் டிவிஎஸ் ஃபிப்டியின் சத்தம் கேட்டது. வீட்டில் ஆளைக் காணோம் என்று யுவராணி தேடி, ரோசம்மாள் ஆட்டோவைப் பார்த்ததாகச் சொல்லி, முனிராஜ் வண்டியை எடுத்துக்கொண்டு வந்திருந்தார். எட்டு மாதமாக அவர் இந்தப் பக்கம் தலை வைக்கவில்லை. பட்டறை வாசலில் காலை ஊன்றியபடி உள்ளே பார்த்தார். ஜாக்கியில் நிற்கும் வண்டி, வெறுங்கையோடு மகன், டயர் மேல் மனைவி, அவள் மடியில் ஏர் பைப்.

வண்டியை ஓரமாக விட்டார். தோள் துண்டை எடுத்து பீப்பாயில் இருந்த தண்ணீரில் முக்கிப் பிழிந்து மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டினார். ஒரு பழைய ஆயில் கேனில் தண்ணீரை மொண்டுகொண்டு சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, லைனிங்கைத் தாங்குகிற பிரேக் ஷூவின் மேல் மெல்ல, பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றுவதுபோல ஊற்றினார். தூசி எழவில்லை. சாம்பல் சேறாகக் குழைந்து வழிந்தது. ஈரத்துணியால் அதை வழித்து ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டார். மறுபடி ஊற்றினார். அப்புறம் உளியை எடுத்தார்.

மாதேஷ் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு தானும் ஒரு துண்டை நனைத்துக் கட்டிக்கொண்டு அடுத்த சக்கரத்துக்குப் போனான்.

எட்டு மாதம் ஆட்டுக்குத் தழை ஒடித்த கை என்று சொல்ல முடியாது. பழைய ரிவிட்டுகள் ஒவ்வொன்றாகத் தெறித்தன. லைனிங் தேங்காய்ச் சில்லைப்போலக் கழன்று வந்தது. ரஞ்சித்குமார் கடிகாரத்தைப் பார்ப்பதை மறந்துவிட்டான்.

"யாருங்கம்மா இவரு? கை என்னா ஓட்டம் ஓடுது!"

குள்ளம்மாள் உடனே சொல்லவில்லை. இதற்கு எவ்வளவு மூச்சு வேண்டும் என்று பார்த்துக்கொண்டதுபோல இருந்தது.

"இவரு லைனிங் கட்டுன வண்டி ஒண்ணுகூட இந்த மலையில உருண்டதில்ல" என்றாள். "முப்பத்தொம்போது வருசம். எத்தன வண்டின்னு கணக்கு இல்ல. அத்தன வண்டியிலயும் ஒரு டிரைவரு வூட்டுக்குப் போயிருக்கான்."

உளியின் சத்தம் நின்றது. முனிராஜ் திரும்பிப் பார்க்கவில்லை. நெடுஞ்சாலையில் இரண்டு டிரெய்லர்கள் கடந்து போகிற நேரம் அப்படியே இருந்தார். பிறகு புது லைனிங்கை எடுத்து ஷூவின் மேல் பொருத்தி, துளைக்கு நேராகத் துளையை வைத்து, இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையை ரிவிட்டுக்காகப் பின்னால் நீட்டினார். மகனுக்குத்தான் நீட்டினார். மாதேஷ் அடுத்த சக்கரத்தடியில் இருந்தான்.

குள்ளம்மாள் ஏர் பைப்பைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு, டயரில் உட்கார்ந்தபடியே கையை எட்டிப் பெட்டியிலிருந்து ஒரு செம்பு ரிவிட்டை எடுத்தாள். காத்திருந்த உள்ளங்கையில் அதை வைத்து, அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள்.